புயல் மாலுமிக்கு எத்தனை மார்க்?

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் என்று எழுதுவதுதான் முறை. முதுகுவலியையும் கல்லூரியையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறுகிறாரா, இல்லை மருந்துக் கடையிலேயே கட்டில் போட்டுவிட்டாரா?

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். துறைத் தலைவர் பதவியை எனக்குத் தராமல் அந்த வழுக்கைத் தலையனுக்குத் தூக்கிக் கொடுத்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கடையில ஆள் நிக்குதுடா" என்று பாதியில் வைத்துவிட்டாய். அன்றோடு உனக்குப் போன் செய்வதை விட்டேன். கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியப்போவதில்லை.

விஷயம் இதுதான். 'புயல் மாலுமி' முதல் இதழின் இரண்டு பிரதிகளையும், உன்னுடையதையும் என்னுடையதையும், தர மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரே காமிக்ஸுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறோம் என்று அப்பா எதையும் இரண்டாக வாங்கி வந்த காலத்துப் பிரதிகள். அங்கே மூன்று நிபுணர்கள் கையுறை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். முனை மழுங்கியிருக்கிறதா, தைத்த பின் துருப்பிடித்திருக்கிறதா, முதுகில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிறகு கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து நிரந்தரமாக மூடி, தலையில் மார்க்கை ஒட்டி அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்தால் மார்க் செல்லாது.

அக்டோபரில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. நடு மண்டபத்தில் ஒரு கண்ணாடி மேசை இருக்கும். எட்டு மார்க்கும் அதற்கு மேலும் வாங்கிய புத்தகத்துக்கு மட்டுமே அதில் இடம் என்பது சங்கச் செயலாளர் போட்ட விதி. ஆள் பல் டாக்டர். ஒரு முறை என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், பழைய பேப்பர்காரர் எப்ப வருவார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். அந்தக் கேள்விக்குப் பல வருடங்களாகப் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன். அதை அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுதான் சொல்லப்போகிறேன்.

என் பிரதியை நான் வாழ்நாளில் இரண்டு முறைதான் திறந்திருக்கிறேன், அதுவும் கை கழுவிவிட்டு, பாதி மட்டும் விரித்து. உன்னுடையதற்கும் அட்டை மட்டும் புத்தம் புதிதாகத்தான் இருக்கிறது. பாடப் புத்தகம் போலப் பழுப்புத் தாள் சுற்றி வகுப்பில் படித்தவள் அல்லவா! உள்ளே என்ன கதியோ, நான் பார்க்கவில்லை. உன் அழுக்கு உறையைச் சகிக்காமல் இரண்டையும் புது உறைக்கு மாற்றி, எது யாருக்குத் திரும்ப வேண்டும் என்று பெயர், முகவரியோடு சீட்டு எழுதி ஒட்டினேன். அவரவர் வீட்டுக்கே வந்துவிடும்.

உனக்கு மூன்று மார்க் வந்தால் மனம் தளராதே.

பாசத்துடன்,
தம்பி


ஜனவரி 24

அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் மட்டும் தனியாகக் குடும்பம் நடத்துகிறது. மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த பேடில் எழுதுகிறேன். மேலே 'வாயுத் தொல்லைக்கு உடனடி நிவாரணம்' என்று அச்சடித்திருப்பதை உன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளாதே.

கடையில் அன்று நிஜமாகவே ஆள் நின்றதடா. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தவளை, இரு, என் தம்பிக்குப் பதவி கொடுக்கவில்லை என்றா நிறுத்தி வைப்பேன்?

கேட்டு வாங்கிப் போனாய், சரி என்று கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள் என்று சொல்லவில்லையே நீ. அப்புறம் எப்படிப் படிப்பது? அத்தானிடம் சொன்னேன். "மீன் தொட்டி மாதிரி வெச்சுப் பாக்கணும் போல. மீனாவது நகரும்" என்கிறார்.

மூன்று மார்க் வந்தாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் அதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடு, முதுகுக்கு.

இப்படிக்கு,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்தையும் அத்தான் நலத்தையும் விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக எடுத்துக்கொள்.

நான்கு மாதம். நடுவில் போன் செய்தால் ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க விட்டுவிடும். அந்தப் புல்லாங்குழலை இப்போது நானே வாசிப்பேன், அவ்வளவு பழக்கம். நேற்று பெட்டி வந்தது.

ஐந்தரை.

எனக்கு ஐந்தரை. உனக்கு எட்டரை என்று அவர்கள் பட்டியலில் இருக்கிறது. பாடப் புத்தகத்துக்கு நடுவில் ஒளித்து வைத்துப் பிஸ்கட் தின்றுகொண்டே படித்தவளுக்கு எட்டரை. கை கழுவிவிட்டுத் தொட்டவனுக்கு ஐந்தரை. காரணம்? ஒரு வரி கிடையாது. காரணம் வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேட்க வேண்டுமாம்.

இதில் இன்னொரு கொடுமை. பெட்டிக்குள், அட்டையின் வலது ஓரத்தில், ஒரு கண்ணிமை முடி இருக்கிறது. என்னுடையது இல்லை. எந்த நிபுணருடையதோ. என் புத்தகத்தோடு அவருடைய இமை முடியையும் நிரந்தரமாக மூடி அனுப்பியிருக்கிறார்கள். கையுறை போட்டார்களே தவிர, கண்ணைத் திறந்து பார்த்தார்களா தெரியவில்லை.

காரணமும் கேட்டு, மறுமதிப்பீடும் கேட்டு எழுதியிருக்கிறேன். பல் டாக்டருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. "ஐந்தரையா சார்? பாஸ்தானே!" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

உன்னுடையது வந்துவிட்டதா? வந்திருந்தால் வெயில் படாத இடத்தில் வை. எதுவும் செய்யாதே.

தம்பி


மே 14

அருமைத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது. இரத்த அழுத்தம் பார்த்தாயா? பார்.

பெட்டி முன்பே வந்துவிட்டது. உன் கடிதத்துக்கு ஒரு வாரம் முன்னால். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

மறுமதிப்பீடு கேட்டாயா? சிரித்துவிட்டேனடா, கோபித்துக்கொள்ளாதே. வருடா வருடம் பிள்ளைகளின் விடைத்தாள் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிவப்புப் பேனாவால் 'மாற்றமில்லை', 'மாற்றமில்லை' என்று போட்டுத் தள்ளுகிறவன்தானே நீ? அன்றொரு நாள் நீ சாப்பிட்டுக்கொண்டே பத்துப் பேருக்குப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இங்கே மழை. கடைக்குள் ஒழுகுகிறது. இருமல் மருந்துக்கு நல்ல வியாபாரம்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விடைத்தாளைப் படித்துவிட்டுத்தான் மாற்றமில்லை என்று போடுவேன். அதோடு இதை ஒப்பிடாதே.

நான் தெம்பாக இருக்கிறேன். பல நாளுக்குப் பிறகு இன்று முதுகுகூட வலிக்கவில்லை. காரணம், ஒரே உறையில் இரண்டு பதில்கள் வந்தன. மறுமதிப்பீட்டுக்கு வந்த பதில் முழுவதையும் இங்கே தருகிறேன்: 'மறுமதிப்பீடு செய்யப்பட்டது. மாற்றமில்லை.' புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் பார்க்கவேயில்லை, தங்களிடம் இருந்த புகைப்படத்தை வைத்தே பார்த்துவிட்டார்கள். இரண்டாவது பதில்தான் முக்கியம். மார்க் குறைந்த காரணம்: 'உள்பக்கங்களில் பென்சில் எழுத்து.'

அக்கா, என் பிரதியில் பென்சிலா! பென்சில் இருக்கும் அறையிலேயே நான் அதைத் திறந்ததில்லை. எழுதியவள் நீ. அப்படியென்றால் என்னிடம் வந்திருப்பது உன் புத்தகம். உன்னிடம் இருக்கும் எட்டரை என்னுடையது. இரண்டுக்கும் அட்டை ஒன்று போலவே இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மடையர்கள் மாற்றி வைத்துவிட்டார்கள்!

எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் எழுதினால் தற்பெருமை ஆகிவிடும். ஆனால் எனக்குத் தெரியும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உன் பெட்டியை நன்றாகப் பஞ்சு சுற்றி எனக்குக் கூரியரில் அனுப்பு. இரண்டையும் திறக்காமல் நிறுவனத்துக்கு அனுப்பி, பெயரை மாற்றி வாங்கிவிடுகிறேன். அக்டோபருக்குள் வந்துவிடும். கண்ணாடி மேசையில் நடு இடத்தைக் கேட்டு இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

பெருமிதத்துடன்,
தம்பி


ஜூலை 9

அருமைத் தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிற மாதம். அத்தான் முழங்காலுக்குப் புது டாக்டர் பார்த்தோம். பழைய டாக்டர் சொன்னதையே சொல்கிறார், குரல் மட்டும் இனிமையாக இருக்கிறது.

நீ தெம்பாக இருப்பதாக எழுதியது எனக்குச் சந்தோஷம். அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ இப்படி எழுதி எத்தனையோ நாளாகிறது.

பென்சில் எழுத்து என்றார்களே, என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லையா?

கூரியர்காரர்கள் இப்போதெல்லாம் சரியில்லை. பக்கத்துக் கடைக்கு வந்த கண்ணாடி ஜாடியைத் தூளாக்கிக் கொடுத்தார்கள். மழை விடட்டும், பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

நலமே. நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு மாதம் காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்தது கண்ணாடி ஜாடிக் கதை. நான் கேட்டது பெட்டி.

எனக்குப் புரிகிறது. எட்டரை உன் வீட்டு அலமாரியில் இருப்பது உனக்குப் பிடித்துப்போய்விட்டது. வாழ்க்கையில் எனக்கு வர வேண்டிய எல்லாமே இப்படித்தான் பக்கத்து வீட்டுக்குப் போய் இறங்கும். பத்தாம் வகுப்பில் கட்டுரைப் பரிசை எனக்கு அடுத்த பெஞ்சுக்காரனுக்குக் கொடுத்தார்கள். தலைமைப் பதவியை வழுக்கைக்குக் கொடுத்தார்கள். இப்போது என் மாலுமியை என் சொந்த அக்காவுக்கே கொடுத்திருக்கிறார்கள். பாராட்டுகள்.

நிறுவனத்திலிருந்தும் பதில் வந்திருக்கிறது. தவறு தங்களுடையது இல்லை என்கிறார்கள். நம் பார்சலைத் திறந்தவுடன் எடுத்த புகைப்படம் ஒன்றையும் இணைத்திருக்கிறார்கள். படம் அவ்வளவு தெளிவாக இல்லை.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அனுப்புவதானால் அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று எழுது.

உன் தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பில் எழுதித்தான் பழக்கம். எல்லாரும் சுகம். முழங்கால் சுமார்.

உங்க அக்கா ரெண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உங்க கடிதத்தைக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். என்னவென்று கேட்டால், "உங்க வேலையப் பாருங்க" என்கிறாள். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு வேண்டாம் மாப்பிள்ளை. அன்றைக்கே நான் சொன்னேன், சுத்தியலால் அடிக்காதே, ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் திரும்ப ஒட்டிவிடலாம் என்று. கேட்கவில்லை. ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. வேறு நல்ல பிளாஸ்டிக் பெட்டி எங்கள் கடையிலேயே இருக்கிறது, மாத்திரை வந்தது. அளவு சொன்னால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஆகஸ்ட் 5

தம்பி,

அத்தான் உனக்கு எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். என்ன எழுதினீர்கள் என்றேன். "சுத்தியலைப் பத்தி எழுதினேன்" என்றார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இனி என்ன மறைப்பது?

பெட்டி வந்த அன்று சாயங்காலமே உடைத்துவிட்டேன். உன் கோபக் கடிதம் வருவதற்கு முன்பு. எனக்கு அது மார்க் வாங்கிய சாமான் இல்லையடா. வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிக்கிற புத்தகம். நாலு மாதம் படிக்காமல் இருந்தேன். திரும்பி வந்ததும் படிக்க வேண்டும் போல இருந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஓரத்தில் ஒரே அடி. விட்டுப்போனது.

முதல் பக்கத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. என் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே மாலுமிக்கு மீசை வரைந்திருப்பேன். இதில் மீசை இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. தாளில் இருந்து அச்சு மை வாசனைகூடப் போகவில்லை. இப்படி ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ள உன்னால்தான் முடியும். உன்னுடையதேதான். கை கழுவாமல் தொட்டுவிட்டோமே என்று ஓடிப்போய்க் கழுவினேன், சத்தியமாக.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. 'எதுவும் செய்யாதே' என்று. அப்போதும் உடைந்த பிளாஸ்டிக் என் காலடியில், கல்லாவுக்குக் கீழே கிடந்தது. ஜூனில் நீ பெருமிதத்துடன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். எப்படிச் சொல்வேன்? உன் புத்தகம்தான் எட்டரை என்று இந்த உலகத்தில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். உடைத்ததால்தான் தெரியும். உடைத்ததால்தான் இப்போது அது எட்டரை இல்லை.

அந்தப் பல் டாக்டரிடம் வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

பி.கு.: அந்தப் புகைப்படத்தில் என்ன இருந்தது? நீ சொல்லவேயில்லையே.


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் இருந்தேன். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம், முதல் நான்கையும் கிழித்துவிட்டேன். அவற்றில் நல்ல வாக்கியங்கள் இருந்தன, வீணாகிவிட்டன.

நீ சாப்பிடுகிறாயா? அத்தானை ஒரு வரி எழுதச் சொல். அவர் எழுதினால்தான் உண்மை வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தரையை எடுத்து மேசைமேல் வைத்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு அத்தான் சொன்னபடி ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினேன். திரும்ப ஒட்டும்படியாகத்தான் நெம்பினேன், ஆனால் கை நழுவி இரண்டாக உடைந்தது. அந்த இமை முடி பறந்து எங்கோ போய்விட்டது. மே மாதத்திலிருந்து என்னோடு இருந்தது, சொல்லாமல் போய்விட்டது.

மீசை இருந்தது. முறுக்கு மீசை.

விடைத்தாள் திருத்துகிறவன் உட்காருவது போல உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பதினோராம் பக்கத்தில், மாலுமிக்குக் குண்டடி பட்ட கைக்குப் பக்கத்தில் உன் பிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய்: 'போன பக்கத்தில் இடது கை. இங்கே வலது கை. படம் வரைந்தவர் தூங்கிவிட்டார்.' திருப்பிப் பார்த்தேன். ஆமாம், கை மாறித்தான் இருக்கிறது. இத்தனை வருடங்களில் எனக்கு இது தெரியாது. நான் இயற்பியல் ஆசிரியர், உற்றுநோக்கல் என்று தனிப் பாடமே நடத்துகிறேன்.

கப்பல் எரிகிற பக்கத்தில்: 'இங்கே தம்பி அழுதான். நானும்தான்.' நான் அழவில்லை. இதை எழுத்துபூர்வமாக மறுக்கிறேன். ஆனால் நீ அழுதது எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய்: 'படம் 90. கதை 40. மாலுமிக்கு மூளை இல்லை. ஆனால் நல்லவன்.'

மூன்று நிபுணர்கள் இந்தப் பக்கங்களை எல்லாம் புரட்டிவிட்டு, 'பென்சில் எழுத்து' என்று எழுதினார்கள். அதில் ஒருவராவது வாசித்தாரா? இதற்காகவே நான் அவர்களை மன்னிக்கப்போவதில்லை. அவர்கள் கண்டுபிடித்ததிலேயே படிக்கத் தகுந்தது அந்தப் பென்சில்தான், அதற்குத்தான் மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள்.

புகைப்படத்தைப் பற்றிக் கேட்டாய். இரண்டு உறைகளும், அவற்றின்மேல் ஒட்டிய சீட்டுகளும், ஓரத்தில் வரிசை எண்களும் தெளிவாகவே இருந்தன. எட்டரை வாங்கிய எண்ணுள்ள என் புத்தகத்தின்மேல் உன் முகவரிச் சீட்டு இருக்கிறது. எழுத்து என்னுடையது, ஒட்டியதும் நான்தான். உன் அழுக்கு உறையைத் தூக்கிப் போடுகிற அவசரத்தில் மாறியிருக்கிறது. அவர்கள் சீட்டில் உள்ளபடிதான் அனுப்பினார்கள். இதைப் பல் டாக்டரிடம் சொல்லக் கூடாது. இதைப் பற்றி நான் இனி எழுதவும் மாட்டேன்.

ஜூலையில் எழுதியதில் 'பாராட்டுகள்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் படி.

தம்பி


செப்டம்பர் 25

அருமைத் தம்பிக்கு,

சாப்பிட்டேன். அத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கீழே பார்.

நீ அழுதாய். சட்டைக் காலரால் துடைத்தாய். வேண்டுமென்றால் அதற்கும் மறுமதிப்பீடு கேள்.

இத்துடன் உன் புத்தகத்தை அனுப்புகிறேன். பழுப்புத் தாள் அட்டை போட்டிருக்கிறேன், கூரியர்காரனை நம்பாமல். உள்ளே நான் எதுவும் எழுதவில்லை. ஆசையாக இருந்தது, கையைக் கட்டிக்கொண்டேன்.

என்னுடையதை நீயே வைத்திரு, அக்டோபர் வரைக்கும். கண்ணாடி மேசையில் வைக்க முடியாவிட்டால் வேறு மேசையே இல்லையா அந்த ஊரில்? நிமிர்ந்து போ. எட்டரை வாங்கியவன் நீ.

அக்கா
(சாப்பிட்டாள். – அத்தான்)


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை எதையும் கழிக்காமலே நலம். அத்தானின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டேன்.

நேற்று கண்காட்சி. இரண்டு புத்தகங்களையும், உடைந்த பெட்டித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டர் வாசலிலேயே நின்றார். "விதின்னா விதி சார். பெட்டி இல்லன்னா மார்க் இல்ல, மார்க் இல்லன்னா மேசை இல்ல" என்றார். நான் வாதாடவில்லை. ஆச்சரியப்படாதே. மண்டபத்தின் பின்பக்கம் டீ கொடுக்கிற இடத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மேசை காலியாக இருந்தது. அதில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டையும் திறந்தே வைத்தேன். என்னுடையது இடப் பக்கம், உன்னுடையது வலப் பக்கம். முன்னால் ஓர் அட்டையில் எழுதி வைத்தேன்: 'கை கழுவிவிட்டு வரவும். படிக்கலாம்.'

முதலில் டீக்கு வந்தவர்கள்தான் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு அம்மா கையைக் கழுவி, நான் கொடுத்த துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, உன் குறிப்புகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மீசைக்கே சிரிப்பு எழுந்துவிட்டது. கை மாறிய இடத்துக்கு என் பிரதியையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என் பிரதியை முழுதாக விரித்தார்கள், அக்கா. முதுகில் ஒரு கோடு விழுந்தது. எனக்குக் கேட்டது. அடுத்தவருக்குத் துண்டை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மேசைக்கு முன்னால் ஆளில்லை, குழாயடியில் வரிசை நின்றது.

கடைசியில் பல் டாக்டரே வந்தார், கையில் டீயோடு.

"டீயைக் கீழ வைங்க. கையைக் கழுவுங்க" என்றேன்.

"நான் டாக்டர் சார். நாள் முழுக்கக் கை கழுவறவன்."

"இங்க இன்னொரு தடவை கழுவுங்க."

கழுவினார். உட்கார்ந்து உன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். இடையில் இரண்டு தடவை சிரித்தார். கப்பல் எரிகிற பக்கத்தில் சிரிக்கவில்லை. மூடி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "முடிவு இப்படியா சார்? எங்கிட்ட ஒன்பது மார்க் பிரதி இருக்கு. வாங்கினதே பெட்டியோடதான். உள்ள என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இத்தனை வருடங்களாகத் தயார் செய்த பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டேன். "பழைய பேப்பர்காரர் எப்ப வருவார்னு கேட்டீங்களே சார்? இன்னிக்குத்தான் வந்திருக்கார். உட்காருங்க, இன்னொரு டீ சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இதெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். அப்போது என் குரல் எப்படி இருந்தது என்று நீ கேட்டிருக்க வேண்டும். எட்டரை என்று சொல்லத் தேக்கி வைத்திருந்த குரல் அது.

நிறுவனத்தை நான் மன்னிக்கவில்லை. புல்லாங்குழலையும் மன்னிக்கவில்லை. வழுக்கையைப் பற்றிப் பாதியில் நின்ற கதையை வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் முழுவதும் சொல்கிறேன். கடையில் ஆள் நின்றால் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு வா, காத்திருக்கிறேன்.

உன் புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பார். கதைக்கு நாற்பது என்பது அநியாயம் என்று உன்னோடு சண்டை போடத்தான் நினைத்தேன். நேற்று வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு முறை, முழுதாக விரித்து வைத்துக்கொண்டு, படித்தேன். பிறகு ஒரு பென்சிலைத் தேடி எடுத்து, உன் கட்டத்துக்குக் கீழே, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு காமிக்ஸில் எழுதினேன்:

மறுமதிப்பீடு செய்யப்பட்டது. மாற்றமில்லை.

தம்பி